பூங்காவில் ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள்

நம் நகரப் பூங்காக்கள் பச்சையாகத்தான் இருக்கின்றன. கொரியப் புல், குரோட்டன்ஸ், கத்தரித்துவிட்ட வேலிச்செடி, வரிசையாக இட்லிப்பூ. ஆனால், வண்ணத்துப்பூச்சி முட்டையிட அங்கே இடமில்லை. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி எருக்கிலையைத் தேடி முட்டையிடும். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையமிட்ட அதன் புழு, அந்த இலையைத் தின்றுதான் வளரும். எருக்கோ சுவரோரம் தலைகாட்டியதுமே களை என்று பிடுங்கப்படுகிறது.

பிடுங்கும் தொழிலாளியைக் குறைசொல்வது நியாயமில்லை. சருகு இல்லாத தரையையும் மட்டமாக வெட்டிய புல்லையும்தானே அவரிடம் கேட்கிறோம்? சருகைக் கிளறி இரை தேடும் தவிட்டுக்குருவிகளுக்கு அந்தத் துப்புரவான தரையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

மரக்கன்று நடும் விழாக்கள் இதை மாற்றாது. சீக்கிரம் பசுமை வேண்டும் என்று பல ஊர்களில் நட்ட கோனோகார்பஸ் என்ற மரத்தை 2023இல் குஜராத் அரசு தடைசெய்ய நேர்ந்தது. எதை நடுவது, நட்ட பின் எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்பதையெல்லாம் அந்த இடத்தை அறிந்தவர்கள் முடிவுசெய்ய வேண்டும். சென்னை கோட்டூர்புரத்தில், அடையாற்றின் கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தில், 2006இல் ‘நிழல்’ அமைப்பு மரப் பூங்காவை உருவாக்கத் தொடங்கியது. நாட்டு மரங்களைத் தேர்ந்து நட்டார்கள். களையெடுப்பதையும் மூடாக்கு போடுவதையும் தன்னார்வலர்களே செய்தார்கள். நட்டதோடு போகாமல் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பூங்காவில் ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டால் பாம்பு வரும், கொசு வரும் என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் தயங்குகின்றன. பாம்பு பற்றிய அச்சம் உண்மையானது. ஊஞ்சலுக்கும் நடைபாதைக்கும் தள்ளி, தடுப்பு கட்டி இடம் ஒதுக்கினால் அதைச் சமாளிக்கலாம். கொசுவோ தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. உலர்ந்த சருகை அதற்காகக் கொளுத்துவதில் பொருளில்லை.

மாநகராட்சிகள் அடுத்த முறை பராமரிப்பு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கட்டும். ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு பகுதியில் புல்வெட்டும் இயந்திரமும் பூச்சிமருந்தும் நுழையக் கூடாது. அந்தப் பகுதியில் என்ன வளரலாம் என்பதை, அங்கே வேலைசெய்யும் தோட்டத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்ட பகுதிவாசிகள் குழு முடிவுசெய்ய வேண்டும்.