ஜூரிகள் கேட்ட கதை

1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது வழக்கு. அகுஜாவுடன் தனக்கு உறவு உண்டென்று மனைவி அன்று சொன்னதும், நானாவதி கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லிக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். ஆனாலும் ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள். எதிர்த்தரப்பு அவர்களுக்கு ஒரு முழுக் கதையைக் கொடுத்திருந்தது: நேர்மையான அதிகாரி, நண்பனால் வஞ்சிக்கப்பட்ட கணவன், 'அவளை மணந்துகொள்வாயா' என்று கேட்கப் போன இடத்தில் கைகலப்பு, அதில் தவறி வெடித்த துப்பாக்கி. 'பிளிட்ஸ்' வார இதழோ அவரை ஏற்கெனவே நாயகனாக்கியிருந்தது. அரசுத் தரப்பிடம் இருந்த வலுவான தடயம் ஒரு துண்டு. குளித்துவிட்டு வந்த அகுஜா இடுப்பில் கட்டியிருந்த அது, அவர் சுடப்பட்டு விழுந்த பிறகும் அவிழவில்லை. கட்டிப் புரண்டிருந்தால் அது இடுப்பில் நின்றிருக்குமா? இந்தக் கேள்விக்குக் கதையில் பதில் இல்லை. ஜூரிகள் அதைத் தேடியதாகவும் தெரியவில்லை. செஷன்ஸ் நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அது விதித்த ஆயுள் தண்டனையை 1961இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பம்பாய் ஜூரிகளை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் பென்னிங்டனும் ஹேஸ்டியும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கொலை வழக்கின் ஒரே சாட்சியங்களைப் பங்கேற்றவர்களுக்கு வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். அரசுத் தரப்பு சம்பவங்கள் நடந்த வரிசையிலும், எதிர்த்தரப்பு சாட்சிகள் வந்த வரிசையிலும் சொன்னபோது 78 சதவீதத்தினர் குற்றவாளி என்றார்கள். அப்படியே திருப்பிப் போட்டபோது அது 31 சதவீதமானது. சாட்சியத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை என்பதுதான் அச்சமூட்டுகிறது.

அப்படியென்றால் வழக்கறிஞர் கதை சொல்வதைத் தடுத்துவிடலாமா? முடியாது; தடுக்கவும் கூடாது. சாட்சிகள் ஆளுக்கொரு மூலையிலிருந்து பேசுகிறார்கள். கோத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் பாதிக்கப்பட்டவரின் உண்மையும் சிதறிப்போகும். இந்தியா 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் செய்ததுபோல ஜூரியையே ஒழித்துவிடலாம் என்பார்கள். நீதிபதியும் கதைக்கு மயங்கக்கூடியவர்தான். ஆனால், அவர் தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும். எழுதும்போது அந்தத் துண்டு குறுக்கே வந்து நிற்கும். அவர் அதைத் தாண்டிப் போனாலும் மேல்முறையீட்டில் பிடிபடும். பொதுவாக, ஜூரி காரணம் சொல்வதில்லை. ஆபத்து கதையில் இல்லை, இந்த மௌனத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் நீதிபதிகள் பல வழக்குகளில் ஜூரிகள் படிப்படியாக விடைகாண வேண்டிய கேள்விகளை எழுத்தில் கொடுக்கிறார்கள். ஜூரி முறை நீடிக்கும் நாடுகள் எல்லாம், குறிப்பாக அமெரிக்கா, கொலை வழக்குகளிலாவது இதைக் கட்டாயமாக்க வேண்டும்.