துடிப்பது எது? சித்திரை மீனும் ஒரு கலைச்சொற் குழப்பமும்

சித்திரைத் திங்களின் முன்னிரவில் திண்டுக்கல் சமவெளியில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு நீலம் கலந்த வெண்ணிற மீன் ஒன்று தனித்துத் தோன்றும். முழுநிலவு தன்னை அடுத்து நிற்கும் திங்களுக்குத் தன் பெயரையே தந்த சித்திரை மீன் அது. ஸ்பைக்கா என மேலை வானியலார் வழங்கும் அது ஏறத்தாழ 250 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இரட்டை விண்மீன். இரண்டனுள் பெரியதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 25,000 கெல்வின். ஞாயிற்றினதைப் போல் நான்கு மடங்கிற்கும் மேல். அதன் ஒளி ஏறத்தாழ 4 மணி 10 நிமிடத்திற்கு ஒருமுறை சிறிதே ஏறி இறங்குவது 1960களின் இறுதியில் அறியப்பட்டது. 1970களின் தொடக்கத்திலேயே அவ்வேற்றவிறக்கம் அளக்கவியலாத அளவிற்குத் தேய்ந்தது.

வெப்பமிக்க நீலப் பெருவிண்மீன்களிடையே இத்தகையவற்றைத் தேடுவது எளிதன்று. ஒளிமாற்றம் மிக நுண்ணியது. ஒரே மீனில் பல கால அளவுகள் பின்னிக் கிடக்கும். விடியல் குறுக்கிட்டுத் தொடர்ச்சியை அறுக்கும். பீட்டா செஃபெய் என்னும் மீனின் பெயரால் வழங்கும் இவ்வகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறியப்பட்டும், இயக்கக் காரணம் 1990களின் தொடக்கத்தில்தான் தெளிந்தது. மீனின் உள்ளே சுமார் 2,00,000 கெல்வின் வெப்பமுள்ள அடுக்கில் இரும்பும் அதன் இனத் தனிமங்களும் ஒளியைத் தடுத்துத் தேக்குகின்றன. தேங்கிய ஆற்றல் அடுக்கை விரிக்கிறது. விரிந்தது தளர்ந்து மீள்கிறது. மீனின் உடலே துடிக்கிறது.

இதனைத் தமிழில் துடிப்பு விண்மீன் என்பதே இயல்பு. ஆனால் அப்பெயர் தமிழ் அறிவியல் எழுத்தில் பல்சாருக்கு வழங்குகிறது. 1967இல் ஜோசலின் பெல் கண்டறிந்த பல்சார், சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவேயுள்ள நியூட்ரான் விண்மீன். அது விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை, சுழல்கிறது. கலங்கரை விளக்கின் கதிர்போல் அதன் கதிர்க்கற்றை நம்மைக் கடந்து செல்கிறது. துடிக்கும் மீன் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைச் சுருக்கியமைத்த பெயரை, பொருள் தெளிந்த பின்னரும் ஆங்கிலம் விடவில்லை. அப்பிழையைத் தமிழும் சுமக்க வேண்டிய கட்டாயம் என்ன?

இமை துடிக்கிறது, நாடி துடிக்கிறது, நெஞ்சு துடிக்கிறது என்கிறோம். துடிப்பதன் உடலில் அசைவு நிகழ்வதே அச்சொல்லின் உயிர். செக்கு சுற்றுவதைத் துடிப்பென்பார் எவருமிலர். ஆதலின் துடிப்பு விண்மீன் என்பதைச் சித்திரை போன்றவற்றிற்கே உரிமையாக்கி, மற்றதைச் சுழல்கதிர் மீன் என்றோ பல்சார் என்றோ வழங்குவதே தகும். இரண்டிற்கும் ஒரே பெயர் நின்றால், தமிழ்வழிப் பயிலும் மாணவன் ஒன்றின் இயக்கத்தை மற்றதன்மேல் ஏற்றிப் படிப்பான், அப்பிழை அவனதன்று. (பெருவிண்மீனை அரக்கன் என்பதும் வேண்டாதது. அளவைச் சுட்டுமிடத்தில் புராணப் பகை எதற்கு?)

இது தொலைநாட்டார் துறை என ஒதுக்கத்தக்கதும் அன்று. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மீனின் ஒளிமாற்றத்தைக் கண்டறிந்தார். நீலமன்று, செந்நிறத்தது, எனினும் மெய்யாகவே துடிப்பது. அவ்வானாய்வகத்தின் வழித்தோன்றலாக 1899இல் எழுந்த ஆய்வகம், திண்டுக்கல்லுக்கு மேற்கே, அதே மாவட்டத்துக் கொடைக்கானல் மலைமேல் இன்றும் ஞாயிற்றை நோக்கி வருகிறது. அடுத்து வெளிவரும் தமிழ் வானியற் சொற்றொகுதியில் துடிப்பு விண்மீன் என்னும் தலைச்சொல்லின் கீழ் எடுத்துக்காட்டாக இடம்பெற வேண்டிய முதற்பெயர் சித்திரை.