பழைய காருக்குப் பகல் விளக்கு

புது மோட்டார் கார்களின் முகப்பில் நட்டநடுப் பகலிலும் அணையாது எரியும் வெள்ளை விளக்குகளை இப்போது புதுக்கோட்டையில் சிறு பிள்ளைகளும் அறிவர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவை தாமே எரிகின்றன; இரவில் ஹெட்லைட்டைப் போட்டதும் தாமே அணைகின்றன, அல்லது மங்குகின்றன. ஓட்டுவோன் வழியைக் காண்பதற்காக அல்ல, வண்டியைப் பிறர் காண்பதற்காகவே அவை ஏற்பட்டன. பத்தும் பதினைந்தும் ஆண்டுகளாக ஓடிவரும் பழைய கார்களின் சொந்தக்காரர்கள் தங்கள் வண்டிக்கும் அவற்றைப் பொருத்திக்கொள்ளலாமா, பொருத்தினால் பயனுண்டா, சட்டம் இடங்கொடுக்குமா என்று கேட்கின்றனர். கேள்வி அற்பமென்று சிலர் எண்ணக்கூடும். சாலையில் மாளும் உயிர்களின் கணக்கை ஒரு முறை பார்த்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கையே கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு 64,105 என்ற தொகையுடன் தமிழ்நாடு மாகாணங்களுக்கெல்லாம் முதலிடம் பெற்றது. இந்த முதலிடத்துக்காக எவரும் நமக்கு மாலை போடப்போவதில்லை. தேசம் முழுவதிலும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர மோட்டாரில் சென்றவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து சென்றவர்கள். காருக்குள் இருந்தவனைக் காட்டிலும் காருக்கு வெளியே இருந்தவனே அதிகமாக மாண்டிருக்கிறான். பகல் விளக்கைப் பற்றிய விசாரணையை இவ்வுண்மையிலிருந்து தொடங்குவதே நியாயம். காரின் அழகு, சொந்தக்காரரின் அந்தஸ்து, புது மாடலைப் போலத் தோன்ற வேண்டுமென்ற ஆசை ஆகியவை இவ்விசாரணைக்குச் சம்பந்தமற்றவை.

இந்த வழக்கம் வட ஐரோப்பாவில் பிறந்தது. ஸ்வீடன் 1977 இல் எல்லா வண்டிகளும் பகலில் விளக்கெரிய ஓடவேண்டுமென்று விதித்தது. கனடா 1989 டிசம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு இவ்விளக்கைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களுக்கு அவ்வாறே விதித்தது. பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1996 இல் நார்வே நாட்டு அறிஞர் எல்விக் வெளியிட்ட முடிவின்படி, பகலில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சம்பந்தப்பட்ட விபத்துகள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை குறைகின்றன. ஆனால் அமெரிக்க சர்க்காரின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா 2008 இல் நடத்திய ஆராய்ச்சியோ, கார்களைப் பொறுத்தவரை திட்டமாகச் சொல்லத்தக்க நன்மை எதையும் காணவில்லை. ஆஸ்திரியா 2005 இல் கொண்டுவந்த கட்டாயத்தை 2008 ஜனவரியில் தானே ரத்துச் செய்துவிட்டது. ஆகவே, விளக்கைப் பொருத்தியதும் விபத்து பறந்துபோகும் என்று கூறும் வியாபாரியின் பேச்சையும் நாம் ஏற்கவில்லை. வெயில் கொளுத்தும் தேசத்தில் விளக்கு எதற்கு என்று நகைப்போரின் பேச்சையும் ஏற்கவில்லை.

ஸ்வீடனில் குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சஞ்சரிப்பதால் பகலும் அந்தியைப் போலிருக்கும். நமக்கோ உச்சி வெயில். அங்கே கிடைத்த பயன் இங்கே அதே அளவில் கிடைக்குமென்று எதிர்பார்ப்பது தவறு. எனினும் புதுக்கோட்டை ஜில்லாவின் சாலைகளை அறிந்தவர்கள் இங்கும் பகலெல்லாம் ஒரே வெளிச்சமில்லை என்பதை அறிவார்கள். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குத் தப்பி நிற்கும் புளியமரங்களின் கீழே வெயிலும் நிழலும் மாறி மாறி விழுகின்றன. நிழலுக்குள் வரும் சாம்பல் நிறக் கார், வெயிலில் நிற்பவன் கண்ணுக்குக் கடைசி நேரத்தில்தான் தென்படுகிறது. தைலமரத் தோப்புகளை ஒட்டிய வளைவுகளிலும் இதே கதிதான். காலையில் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குக் கிழக்கு நோக்கிச் செல்பவனுக்குச் சூரியன் நேர் முகத்தில் அடிக்கிறது. எதிரே வரும் வண்டி வெறும் கரிய நிழலாகவே தோன்றுகிறது. கீரனூர், நார்த்தாமலைப் பக்கங்களில் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் கிளப்பும் புழுதியும், ஐப்பசி கார்த்திகை மழையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கும் சாம்பல் திரையும் இவற்றோடு சேர்கின்றன. நடுத்தடுப்பு இல்லாத சாலையில் பஸ்ஸை முந்த நினைப்பவன், எதிரே வண்டி வருகிறதா, வந்தால் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதை இரண்டு மூன்று விநாடிகளுக்குள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்த விநாடிகளில் ஒரு சிறு வெள்ளை ஒளி உயிர் காக்கக்கூடும்.

இந்த ஜில்லாவுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1991 இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றனர். பல்லாயிரம் பெண்கள் வெட்கத்தை உதறிவிட்டுச் சாலைக்கு வந்த அந்தக் காட்சி தேசத்தின் கவனத்தைக் கவர்ந்தது. அன்று முதல் சாலை என்பது மோட்டார்காரனுக்கு மட்டும் சொந்தமான வஸ்துவாக இங்கே இல்லை. சைக்கிளில் செல்பவள் தூரத்திலேயே காரைக் கண்டு ஒதுங்கவும், குறுக்கே கடக்கலாமா என்று நிதானிக்கவும் பகல் விளக்கு உதவும். ஆனால் அதே விளக்கு அவள் கண்ணைக் கூசச் செய்யுமானால் அது உபகாரமல்ல, அபகாரம்.

இங்கேதான் கடைத்தெருவின் கைவரிசை நாசம் விளைக்கிறது. பகல் விளக்கு என்ற பெயரில் விற்கப்படும் எல்.இ.டி. பட்டைகளில் பலவற்றுக்கு ஒளியைத் திசைப்படுத்தும் கண்ணாடி அமைப்பே கிடையாது. சில நீலமாக எரிகின்றன. சில மினுமினுத்து ஓடுகின்றன. மந்திரிகளின் காரிலிருந்த சிவப்புச் சுழல் விளக்கு 2017 மே 1 முதல் ஒழிந்ததென்று நாம் மகிழ்ந்தோம். இப்போது ஒவ்வொருவரும் தத்தம் காருக்கு ஒரு திருவிழா விளக்கை மாட்டிக்கொண்டு அந்தக் குறையை நிவர்த்தி செய்கிறார்கள் போலும்! சர்வதேச விதியின்படி பகல் விளக்கின் ஒளிச்செறிவு ஒவ்வொன்றுக்கும் 400 கேண்டெலாவுக்குக் குறையவும் 1,200 கேண்டெலாவுக்கு மிஞ்சவும் கூடாது, நிறம் வெள்ளை, தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு மேலும் 150 சென்டிமீட்டருக்குக் கீழும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையே 60 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். கண்ணைக் குத்துவதற்கும் கண்ணில் படுவதற்கும் உள்ள பேதம் இந்த எண்களில் அடங்கியிருக்கிறது. வாங்குகிறவர் இவற்றைக் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாத கடையில் வாங்கக் கூடாது.

பொருத்தும் வேலையும் விளையாட்டல்ல. பழைய காரின் ஒயரிங் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் உலர்ந்து வெடித்திருக்கும். ஹெட்லைட்டுக்குச் செல்லும் ஒயரை அறுத்து அதிலே முறுக்கி ஒட்டும் பட்டறைக்காரரிடம் வண்டியை விடுவது தீயோடு விளையாடுவதாகும். பகல் விளக்குக்குத் தனி ஒயரும், பாட்டரிக்கு அருகே தனி பியூஸும் வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சின் ஓடும்போது மட்டும் எரியுமாறும், ஹெட்லைட் போட்டவுடன் அணையுமாறும் ரிலே அமைக்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாத விளக்கு இரவில் எதிரே வருபவனின் பார்வையைப் பறிக்கும். முறையான எல்.இ.டி. விளக்கு ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய பத்து இருபது வாட் மின்சாரமே போதும்; சாதாரண டிம் லைட் இரண்டுக்குமோ 110 வாட் வேண்டும். டைனமோ வைத்த பழைய அம்பாசடர் ஊருக்குள் ஊர்ந்து செல்லும்போது இந்த வித்தியாசத்தைத் தாங்காது, பாட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் உள்ள மாருதி 800 போன்ற வண்டிகளுக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

பகல் விளக்கால் வரும் மறதி ஒன்றையும் எச்சரிக்க வேண்டும். முன்னே ஒளி தெரிவதால், மழையிலும் அந்தியிலும் ஹெட்லைட் போட்டாயிற்று என்று ஓட்டுவோன் எண்ணிவிடுகிறான். பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. 2022 இல் நடந்த விபத்துகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பின்னிருந்து மோதியவை. அவற்றுக்கு இது மருந்தாகாது. தூக்கத்துக்கும் வேகத்துக்கும் கூட இது மருந்தல்ல. 2023 டிசம்பர் 30 அதிகாலையில் நமணசமுத்திரத்தில் லாரி புகுந்து, டீக்கடை அருகே நின்றவர்களில் ஐந்து பேர் இறந்தார்களே, அவர்களை எந்த விளக்குக் காப்பாற்றியிருக்கும்?

இன்னொன்று. நம் சாலைகளில் விளக்கை மின்னவிடுவதற்கு ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்று அர்த்தம் கற்பித்துவிட்டார்கள். பகல் விளக்குப் பொருத்தியவர் அதையும் ஓர் அதிகாரச் சின்னமாகக் கொள்ளக் கூடாது. தம் இருப்பைப் பிறருக்குத் தெரிவித்தவருக்குப் பிறரைக் கவனிக்கும் கடமை குறைந்துவிடாது.

சட்டத்தின் நிலை என்ன? இருசக்கர மோட்டார்களுக்கு 2017 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியுமாறு சர்க்கார் கட்டாயப்படுத்தியது. பழைய கார்க்காரருக்கோ 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பயத்தைத்தான் காட்டுகிறது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது 52 ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. அவ்வாண்டே வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியின்றி உதிரிப் பாகம் பொருத்தித் திருத்தும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு திருத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பம்பரில் திருகிய இரு சிறு விளக்குகள் இந்தத் திருத்தத்தில் சேருமா என்பதைச் சாமானியன் எவ்வாறு அறிவான்? சாலையோரம் நிற்கும் இன்ஸ்பெக்டரின் மனப்போக்கே சட்டமாக முடிகிறது. பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்து புதுப்பிக்க வண்டியைக் கொண்டுசெல்பவர் ஒழுங்கான விளக்கையும் கழற்றிவிட்டே போகிறார். கண்கூசும் பட்டை மாட்டியவரும் அன்று ஒரு நாள் கழற்றி மறுநாள் மாட்டிக்கொள்கிறார். யோக்கியனும் அயோக்கியனும் ஒரே தராசில் நிற்கும்படி செய்யும் விதி எவ்வித விதி?

அதே 2019 திருத்தம் இத்தகைய மாற்றங்களுக்குத் தரமும் நிபந்தனையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கு அளித்திருக்கிறது. எரிவாயுவில் ஓடுவதற்கான சாதனத்தைப் பழைய காரில் பொருத்த அங்கீகாரம் பெற்ற வழி இருக்கும்போது, அதைவிட எத்தனையோ அபாயம் குறைந்த இவ்விளக்குக்கும் வழி காண்பது கடினமல்ல. தரமுத்திரை பெற்ற விளக்கு ஜோடி ஒன்று, அதைப் பொருத்திச் சீட்டுக் கொடுக்க அனுமதி பெற்ற பட்டறைகள், சீட்டைக் காட்டினால் ஆட்சேபம் கூறாத இன்ஸ்பெக்டர்கள்: இவ்வளவே நாம் கோருவது. கட்டாயம் வேண்டாம். பழைய கார் வைத்திருப்பவரில் பலர் செல்வரல்லர். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் அநேகர். அவர்கள் மீது மற்றொரு செலவைச் சுமத்துவதற்கு, மேலே கண்ட ஆராய்ச்சிகள் போதிய ஆதாரம் தரவில்லை. தரமற்ற பட்டைகளை விற்பவரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் தண்டிக்கும் வழக்கமும் மாற வேண்டும். கலெக்டர் தலைமையிலுள்ள ஜில்லா சாலைப் பாதுகாப்புக் குழுவில் பொதுநல ஊழியர்கள் இவ்விஷயத்தைக் கிளப்பி, விற்பனைக் கடைகளைச் சோதிக்குமாறு வற்புறுத்த வேண்டும்.

விதி வரும் வரை என் செய்வது என்று கேட்பவருக்கு நம் யோசனை இது. திருச்சி, தஞ்சை, காரைக்குடி நெடுஞ்சாலைகளில் அன்றாடம் ஓடும் காராயிருந்தால், அளவும் நிறமும் சரியான விளக்கை நல்ல எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்வதில் பயனுண்டு. ஆனால் சட்டம் தெளிவுபடாத நிலையில், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விசாரித்து, வரும் பதிலைக் காரிலேயே வைத்திருக்க வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு அது அவசியமில்லை. பணமில்லாதவருக்கும், அறுந்த ஒயரிங் உள்ள வண்டிக்கும் வேறு வழி முன்னமே இருக்கிறது. மழையிலும் பனியிலும் புழுதியிலும், காலை மாலைச் சூரியன் எதிரே அடிக்கும்போதும், நிழலடர்ந்த சாலையிலும் டிம் லைட்டைப் போட்டு ஓட்டலாம்; அதனோடு பின்விளக்கும் எரியும். அதற்கு எந்த இன்ஸ்பெக்டரின் அனுமதியும் வேண்டியதில்லை. மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைத் துடைத்து, எரியாத பல்பை மாற்றினால் போதும்.