துக்கத்தை எங்கே கொட்டுகிறீர்கள்?

"மனிதன் சுகத்தை நாடுகிறான், துக்கத்தைக் கண்டால் ஓடுகிறான். இது இயற்கை" என்று சொல்லிவிட்டு, பெரிய வேதாந்தத்தை உதிர்த்துவிட்ட திருப்தியோடு சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். வாஸ்தவம்தான். மாடுகூட வெயிலைக் கண்டால் நிழலுக்குத்தான் ஓடுகிறது. ஆனால், இன்னொரு மாட்டை வெயிலில் தள்ளிவிட்டு, நிழலின் மகிமையைப் பற்றி அது பிரசங்கம் செய்வதில்லை. மனிதன் செய்கிறான்!

பூட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேசத்தின் உயர்வைப் பணத்தால் அளக்காதீர்கள், மக்களின் மகிழ்ச்சியால் அளவிடுங்கள் என்று உலகத்துக்கு உபதேசித்த நாடு அது. 2008-ல் தன் அரசியல் சட்டத்திலேயே அந்த லட்சியத்தை எழுதிவைத்தது. 2012-ல் ஐக்கிய நாடுகள் சபை மார்ச் 20-ஐ உலக மகிழ்ச்சி நாளாக அறிவித்ததும் அந்த நாட்டின் முயற்சியால்தான். லட்சியத்தில் நான் குறை காணவில்லை. பண மூட்டையைப் பார்ப்பதைவிட மனிதனின் முகத்தைப் பார்ப்பது உயர்ந்த காரியமே.

ஆனால் யாருடைய முகத்தை? அதுதான் என் கேள்வி.

அந்த நாட்டின் தென்பகுதியில், நேபாளி பேசும் லோட்சம்பா மக்கள் தலைமுறைகளாக நிலத்தை உழுது வாழ்ந்தார்கள். 1985-ல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1988-ல் நடந்த கணக்கெடுப்பில், "1958-ல் நீ இங்கே இருந்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டார்கள். 1989-ல் இன்ன உடைதான் உடுத்த வேண்டும் என்று விதித்தார்கள். பள்ளிக்கூடங்களில் நேபாளிப் பாடத்தை நிறுத்தினார்கள். எதிர்த்தவர்கள்மீது அடக்குமுறை பாய்ந்தது. ஏறக்குறைய 1,00,000 பேர் கிழக்கு நேபாளத்து முகாம்களில், மூங்கில் குடிசைகளில் போய் விழுந்தார்கள். பதினைந்து வருஷங்களுக்கு மேல் அங்கே கிடந்த பிறகு, 2007 முதல் அவர்களில் பெரும்பாலோரை அமெரிக்கா முதலிய அந்நிய தேசங்கள் ஏற்றுக்கொண்டன.

பிறகு 2010-லும், 2015-லும், 2022-லும் பூட்டானில் மக்களைக் கேட்டு மகிழ்ச்சியைக் கணக்கெடுத்தார்கள். துரத்தப்பட்டவனின் கண்ணீர் அந்தக் கணக்கில் எப்படி ஏறும்? அவன்தான் எல்லைக்கு அப்பால் இருக்கிறானே!

பூட்டானை ஏசுவது சுலபம். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? பாத்திரம் தேய்க்க வரும் பெண் தன் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தால், "காலங்காத்தாலே அழாதே, வீட்டுக்கு ஆகாது" என்கிறோம். நம் வீட்டைப் பெருக்கி, குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, அதற்கு மன அமைதி என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த கிசா கோதமியைப் புத்தர் என்ன செய்தார்? கண்ணை மூடி உட்காரச் சொன்னாரா? சாவு நிகழாத வீட்டில் பிடி கடுகு வாங்கி வா என்று ஊருக்குள் அனுப்பினார். அவள் கடுகு கேட்டுப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் பிறர் துக்கத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் தன் பிள்ளையை அவளால் கீழே இறக்கிவைக்க முடிந்தது.

துக்கம் தீர வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் பிறர் வாசலில் கொட்டிய துக்கம் தீர்ந்த துக்கம் ஆகாது, ஐயா! அங்கே போய் அதை அள்ளிவிட்டு வாருங்கள். அப்புறம் சந்தோஷத்தைப் பற்றிப் பேசலாம்.