ஊசிக்குப் பின் வந்ததா, ஊசியால் வந்ததா?

சென்ற வாரம் மருமகள் ஒருத்தியின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவளுடைய குழந்தைக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. சின்னமுத்து, கூகைக்கட்டு, உருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியை இரண்டாம் முறை போடவேண்டும். அவளுக்கோ மனம் துணியவில்லை.

"ஊசி போட்ட சில மாதங்களில் அயல்வீட்டுப் பிள்ளை பேசிய ஓரிரு சொல்லையும் மறந்துவிட்டதாம், மாமா. ஓட்டிசம் என்கிறார்கள். பின்னாளில் என்ன நேருமென்று எவராவது ஆராய்ந்திருக்கிறார்களா?" என்று கேட்டாள்.

என் தமக்கையார் சின்னமுத்தினால் குழந்தைகள் மடிந்ததைக் கண்ணாரக் கண்டவர். "போட்டுக்கொண்டு வா, பிள்ளை" என்றதோடு நிறுத்திக்கொண்டார். தமக்கையாரின் முடிவே என் முடிவும். ஆயினும் மருமகளின் கேள்வி நேர்மையான கேள்வி. அதனை அதட்டி அடக்குவது முறையன்று.

இவ்வச்சம் உலகெங்கும் பரவியது 1998 ஆம் ஆண்டில். இலண்டனில் அன்று வேக்பீல்ட் என்னும் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 'லான்செற்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற குழந்தைகள் 12 பேர் மாத்திரமே. அவர்களுள் எண்மரின் நிலைமை ஊசிக்குப் பின்னரே தொடங்கியதென்று பெற்றோரோ மருத்துவரோ கூறியிருந்தனர். அங்கே முதல் ஊசி ஒரு வயது கடந்ததும் போடப்படுவது. ஓட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குப் புலப்படத் தொடங்குவதும் பெரும்பாலும் அதனையடுத்த மாதங்களிலேயே. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாமன்றோ?

அக்கட்டுரையில் உண்மைகள் திரிக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளியாயிற்று. 2010 இல் சஞ்சிகை அதனை மீளப்பெற்றது. வேக்பீல்டின் பெயரும் மருத்துவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால், கட்டுரை பொய்யென்பதனால் மாத்திரம் ஊசி குற்றமற்றதாகிவிடாது. எண்ணிப் பார்த்தே தீரவேண்டும்.

எவ்வாறு எண்ணுவது? பாதிக் குழந்தைகளுக்கு ஊசியை மறுத்துச் சோதிப்பது பாவம். தாய்மாரைக் கேட்கலாமென்றால், நோயுற்ற பிள்ளையின் தாய் ஒவ்வொரு நாளையும் துருவித் துருவி நினைவுகூர்வாள், மற்றவளோ மறந்திருப்பாள். டென்மார்க்கில் இதற்கு ஒரு வழி இருந்தது. அந்நாட்டில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஊசி ஒரு பதிவேட்டிலும் நோய் வேறொரு பதிவேட்டிலும் தனித்தனியே பதியப்படுகின்றன. எவர் நினைவையும் நம்பவேண்டியதில்லை. 1999 முதல் 2010 வரை பிறந்த 657,461 குழந்தைகளின் பதிவுகளை ஒப்பிட்டு 2019 இல் முடிவை வெளியிட்டனர். 6,517 பேருக்கு ஓட்டிசம் காணப்பட்டது. ஊசி போட்டோரிடத்தில் அது மிகுதியாகக் காணப்படவில்லை. ஓட்டிசம் உள்ள தமையனையோ தமக்கையையோ உடைய குழந்தைகளிடத்தும் அவ்வாறே.

மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: "ஊசி போடாதோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே, அவர்களுடைய குடும்ப வழக்கங்களும் வேறாக இருக்கலாமே?" நியாயமான தடை. இத்தகைய ஆய்வு, ஆபத்து முழுப் பூச்சியமென்று சத்தியம் செய்யாது. இருக்குமாயின், இத்தனை இலட்சம் குழந்தைகளிடையே கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சிறியதென்றே கூறும்.

பதிவேடுகள் எப்பொழுதும் ஊசியையே காப்பாற்றும் என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. 2009 இல் பரவிய பன்றிக் காய்ச்சலுக்கெனப் 'பண்டெம்ரிக்ஸ்' என்ற தடுப்பூசி ஐரோப்பாவிற் போடப்பட்டது. மறு ஆண்டே பின்லாந்திலும் சுவீடனிலும், பகலிலும் அடக்கவொண்ணா உறக்கம் வந்து வீழ்த்தும் 'நார்கொலெப்சி' நோய் சிறுவரிடையே பெருகக் கண்டனர். பின்லாந்தின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ஊசி பெற்ற இளையோரிடத்தில் அந்நோய் 12 மடங்குக்கு மேல் மிகுந்திருந்தது. அதனை மறைக்காது 2012 இல் வெளியிட்டனர். அந்நோய் மிக அரிது. அவ்வாறிருந்தும் பதிவேட்டின் கண்ணுக்குத் தப்பவில்லை. டென்மார்க்கின் முடிவில் எனக்கு நம்பிக்கை வந்தது பின்லாந்தின் இக்கதையைப் படித்த பின்னரேயாகும்.

இவற்றையெல்லாம் மருமகளுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியாயின் அந்தப் பிள்ளைக்கு ஏன் அவ்வாறு நேர்ந்தது?" என்றாள்.

ஓட்டிசத்திற் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு என்பதற்கு மேல் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கூற என்னிடம் ஒன்றுமில்லை. அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். தமக்கையார் எழுந்துபோய் அலுமாரியிலிருந்து குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அடுத்த கிளினிக் எந்த நாளென்று மருமகளே பார்த்துச் சொன்னாள்.