கச்சேரி மேடையைக் காப்பாற்றுங்கள்!

கோவில் கொடை வந்துவிட்டால் நெல்லைச் சீமையில் அந்தக் காலத்தில் முதல் கேள்வி இதுதான்: "என்னவே, இந்த வருசம் யாரு கச்சேரி?"

இன்று அந்தக் கேள்வி மாறிவிட்டது. "எத்தனை பாக்ஸ் கட்டுதாங்க?" என்று கேட்கிறார்கள்!

பாடுகிறவர் யார், வாசிக்கிறவர் யார் என்ற பேச்சே இல்லை. ஸ்பீக்கர் பெட்டி எத்தனை என்பதுதான் பேச்சு. இதில் ஊருக்கு என்ன லாபம்? நஷ்டம் யாருக்கு? கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

டிக்கெட் இல்லாத அரங்கம்

50 வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். கோவில் முன்னால் நாலு கட்டில் அகலத்துக்கு ஒரு மேடை. மேலே சீரியல் லைட். ட்ரம் செட், கிடார், அக்கார்டியன், பாங்கோஸ், தபேலா. ஆண் குரலுக்கு ஒருவர், பெண் குரலுக்கு ஒருவர். ராத்திரி 10 மணி சுமாருக்குப் பிள்ளையார் பாட்டோடு தொடங்கும். விடிய விடிய நடக்கும்.

நேயர் விருப்பம் துண்டுச் சீட்டில் போகும். சீட்டைக் கொடுத்தவன், தன் பாட்டு வரும்வரை எழுந்திருக்க மாட்டான். தரையில் பாய். கையில் கடலைப் பொட்டலம். சைக்கிளில் நாலு மைல் வந்தவனும் கேட்டான். முதலாளியும் கேட்டார், மூட்டை தூக்குகிறவரும் கேட்டார். டிக்கெட் கிடையாது. ஊர் வரிதான் டிக்கெட்.

மேல்நாட்டில் ராக், புளூஸ் என்று சொல்கிறார்களே, அந்தக் குழுக்களுக்கு இருந்த மவுசு இங்கே மெல்லிசைக் குழுவுக்கு இருந்தது. கிடாரை நம்மில் பலர் முதன்முதலாகக் கண்ணால் பார்த்ததே கொடை மேடையில்தான்!

எங்கிருந்து வந்தார்கள்?

இந்த மண்ணுக்கு நேரில் கேட்கிற பழக்கம் புதிது அல்ல. வில்லுப்பாட்டும், கணியான் கூத்தும், நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்த ஊர் இது. தாமிரபரணிக் கரையில் இருக்கிற காருகுறிச்சியில் 1921-ம் ஆண்டு பிறந்த அருணாசலம், நாதஸ்வரத்தால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டார். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டது அவருடைய நாதஸ்வரம்தான். சினிமாவில் கேட்டவர்கள் பல லட்சம். ஆனால் கோவில் வாசலில் நின்று கேட்டவர்கள், அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்! 1964-ல், 43 வயதுக்குள் அவர் மறைந்துவிட்டார்.

1963-ல் நெல்லைக்கு வானொலி நிலையம் வந்தது. அதோடு கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி. நம்ம ஊர் டீக்கடைகளில் அது தெளிவாகக் கேட்கும். சிலோன் மனோகர் என்று நாம் சொல்லும் ஏ.இ.மனோகரனின் 'சுராங்கனி' பாட்டைத் தெரியாத கல்லூரிப் பையன் உண்டா? அந்த இலங்கைப் பாப் பாட்டு நம்ம மேடைகளிலும் ஏறியது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். மனோகரன் 2018-ல் சென்னையில் காலமானார். பாட்டு இன்னும் சாகவில்லை.

பாளையங்கோட்டையில் தேவாலயப் பாடகர் குழுக்கள் உண்டு. பள்ளிக்கூடங்களில் பேண்டு வாத்தியம் உண்டு. அங்கே ஆர்கனும் வயலினும் டிரம்பெட்டும் பழகிய பிள்ளைகள், கொடை மேடையிலும் வாசித்தார்கள். மேடைக்குச் சாதி இல்லை, மதம் இல்லை. சுருதி சேர்ந்தால் போதும்!

மேடைதான் பள்ளிக்கூடம்

பெரிய கலைஞர்கள் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. இளையராஜா எங்கே பழகினார்? அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகப் போய், கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். தெருவோர மேடையில் போட்ட விதை, லண்டனில் பூத்தது!

அந்த மேடையே இல்லாமல் போனால், அடுத்த பிள்ளை எங்கே பழகுவான்? கூட்டத்தின் முன்னால் நின்று, தப்பாகப் பாடி, விசில் வாங்கி, அடுத்த ஊரில் திருத்திப் பாடினால்தான் பாட்டு வரும். செல்போனைப் பார்த்து வருமா?

என்ன நடந்தது?

முதலில் கீ-போர்டு வந்தது. நாலு பேர் வேலையை ஒரு பெட்டி பார்த்தது. அப்புறம் கரோக்கி டிராக் வந்தது. வாசிக்கிறவர்களே வேண்டாம், பாடுகிறவர் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. கடைசியில் பென் டிரைவ் வந்தது. பாடுகிறவரும் வேண்டாம்!

கொரோனா வேறு வந்து சேர்ந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. கொடை இல்லை, திருவிழா இல்லை. நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரே 2020, 2021 இரண்டு வருடமும் ஓடவில்லை என்றால், கச்சேரிக்காரர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? வயிற்றுப்பாட்டுக்காக வாத்தியத்தை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள், எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை.

10 மணிச் சட்டம்

"கச்சேரி வைக்கச் சட்டம் விடமாட்டேங்குது அண்ணாச்சி" என்று விழாக் கமிட்டியில் சொல்கிறார்கள். இது பாதி உண்மை.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. திருவிழாக் காலத்தில், வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை சலுகை கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

இந்தச் சட்டம் தப்பு என்று நாம் சொல்லமாட்டோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. நெஞ்சுவலிக்காரர் இருக்கிறார். விடியற்காலை பஸ் ஓட்டப் போகிறவர் தூங்க வேண்டாமா? குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் நேரத்தைத்தான் கட்டுகிறது. பாட்டைத் தடுக்கவில்லை! கிடார்காரரை வீட்டுக்கு அனுப்பியது சட்டமா, நாமா? வீட்டுச் சன்னல் அதிர அதிரப் பெட்டி கட்டுகிறோமே, அதற்கு மட்டும் சட்டம் இல்லையா?

இடித்துவிட்டுக் கட்டினார்கள்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு நிலவறை. பெயர் கேவர்ன் கிளப். உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழு, பேர் வாங்குவதற்கு முன்பு 1961 முதல் 1963 வரை அங்கே ஏறக்குறைய 300 தடவை வாசித்தது. 1973-ல் ரெயில் வேலைக்காக அந்த இடத்தை மூடி, இடித்துத் தள்ளினார்கள். அருமை பிறகுதான் தெரிந்தது. 1984-ல் மறுபடி கட்டினார்கள்! இன்று அதைப் பார்க்க உலகமே போகிறது.

நாமும் இழந்த பிறகுதான் தேட வேண்டுமா?

செய்யவேண்டியது என்ன?

ஒன்று: கச்சேரியை மாலை 6 மணிக்குத் தொடங்குங்கள். 10 மணிக்கு முடியுங்கள். நாலு மணி நேரம் தாராளம். குழந்தை குட்டிகளோடு வந்து கேட்டுவிட்டு வீட்டில் போய்த் தூங்கலாம்.

இரண்டு: கொடை வரியில் முதல் பங்கை வாசிக்கிறவர்களுக்கு ஒதுக்குங்கள். பெட்டிக்கு மீதி போதும். வரி கொடுப்பவர்களும் "நம்ம பணம் யாருக்குப் போகுது?" என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்கவேண்டும்.

மூன்று: ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வ.உ.சி. மைதானம் புதுப் பொலிவு பெற்றது. பொருட்காட்சித் திடலில் வர்த்தக மையம் எழும்பியது. சந்தோஷம்! மாதத்தில் ஒரு மாலை, வாடகை வாங்காமல், உள்ளூர்க் குழுக்களுக்கு இடம் கொடுத்தால் மாநகராட்சி ஏழையாகிவிடாது.

நான்கு: விதிப்படி நடக்கிற கச்சேரிக்குப் போலீஸ் அனுமதி உள்ளூரிலேயே சீக்கிரம் கிடைக்கவேண்டும். ஆடல் பாடல் நிகழ்ச்சி என்றால் மதுரை ஐகோர்ட்டு கிளைக்கு ஓடுகிற நிலை இருக்கிறது. பாட்டுக் கச்சேரிக்கும் வக்கீல் வைக்கவேண்டும் என்றால் ஏழைக் கலைஞன் எங்கே போவான்?

நெல்லையப்பர் கோவிலில் கல்தூணைத் தட்டினாலே இசை வருகிறது. கல்லைப் பாட வைத்த ஊர், மனுசனை வாய்மூட வைக்கலாமா?

வருகிற கொடைக்கு வரி கேட்டு உங்கள் வாசலுக்கு வருவார்கள். பணத்தைக் கொடுங்கள். கொடுக்கும்போது அந்தப் பழைய கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "யாரு கச்சேரி?"