கவரைப்பேட்டையில் யார் ஒதுங்குவது?

நம்ம புதுவாயலுக்கு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. பைக்கை எடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் கவரைப்பேட்டை, அதுதான் எங்களுக்கு ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் பொன்னேரிக்கு அடுத்த ஸ்டாப்பிங் என்று மெட்ராஸ் சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லியே பழக்கம். இப்போ அந்த வேலை இல்லை. "ஓ, ஆக்சிடென்ட் ஆச்சே, அந்த ஊரா?" என்று அவர்களே கேட்கிறார்கள்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை அன்றைக்கு. ராத்திரி எட்டரை மணி சுமாருக்கு, மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ் வந்தது. சிக்னல் மெயின் லைனில் நேராகப் போகச் சொல்லித்தான் விழுந்திருந்தது. வண்டியோ லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்ற கூட்ஸ் மேல் மோதிவிட்டது. பத்துப் பெட்டிக்கு மேல் தடம் புரண்டும் ஒரு உயிர்கூடப் போகவில்லை, சாமி புண்ணியம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இதே மாதிரி லூப்புக்குள் போய் கூட்ஸில் மோதியதில் 290 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கோரமண்டல் தினமும் எங்க பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் சென்ட்ரல் போகுது.

லூப் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒத்தையடி வண்டிப்பாதையில் பின்னால் லாரி வந்தால் மாட்டு வண்டியைக் களத்து ஓரமாக ஒதுக்குவோமே, அதேதான். ஒவ்வொரு தடவை ஒரு வண்டியை ஒதுக்கும்போதும் பாதையைத் திருப்பி, மறுபடி நேராக்க வேண்டும். தப்பு நடக்க இடம் அங்கேதான்.

ஏன் இத்தனை தடவை ஒதுக்கணும்? மெட்ராஸையும் விஜயவாடாவையும் ரயில் இணைத்தது 1899இல். கும்மிடிப்பூண்டி வரைக்கும் கரண்ட் கம்பி வந்தது 1979 ஏப்ரலில். இன்றைக்கும் அத்திப்பட்டைத் தாண்டி வடக்கே வந்தால் போக ஒன்று, வர ஒன்று, ரெண்டே லைன். டெல்லி போகிற ஜிடியும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும், ஹவுரா பக்கம் போகிறதும், கூட்ஸும், எங்க யூனிட் வண்டியும் எல்லாம் அதிலேயேதான். இடுக்கு வந்தால் யார் நிற்கணும்? யூனிட் வண்டிதான்.

எங்க தெரு பெரியம்மா ஒருத்தர் கீரைக்கட்டோடு வெண்டர் பெட்டியில் கொருக்குப்பேட்டைக்குப் போவார். முளைக்கீரைக்கு விலை காலையில்தான். வண்டி அரை மணி நேரம் நின்றால் கட்டு பத்து ரூபாய் அஞ்சு ரூபாய் ஆகிடும். நடுப்பகலில் ஒரு வண்டியை விட்டுட்டா அடுத்ததுக்குக் காத்துக் கிடக்கணும், அது தனிக் கதை. சிப்காட்டில் வேலை செய்கிற பீகார்ப் பசங்க பாடு இன்னும் வேடிக்கை. அவங்க ஊர் வண்டி கண் முன்னாடியே பறக்குது, அதில் ஏற தெற்கே நாற்பது கிலோமீட்டர் சென்னைக்குப் போகணும்.

"கீரைக்கட்டுக்காக டெல்லி வண்டியை நிறுத்தச் சொல்றியா?" என்று மச்சான் கேட்டார். இல்லை மச்சான். மூணாவது, நாலாவது லைன் போடுங்கன்னுதான் சொல்றேன். பல வருஷமாகப் பேச்சில் இருப்பதுதான். விபத்து நடந்த அன்றைக்கு வந்த கேமராக்கள் இதைக் கேட்கவே இல்லை, சதியா இல்லையா என்பதோடு கிளம்பிட்டாங்க.

லைன் போட நிலம் வேணும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. தச்சூரிலிருந்து சித்தூருக்கு ஆறுவழிச் சாலைக்கு விளைநிலம் எடுத்தபோது கூட்டத்தில் நின்று எதிர்த்தவன் நான். "அதுக்கு வேணாம், இதுக்கு வேணுமா?" என்று கேட்பீர்கள். கேளுங்க. அந்த ரோட்டில் எங்க ஊர்க்காரன் ஏற வழி இருக்கான்னு தெரியலை, ஓடப்போறது கண்டெய்னர் லாரி. இந்த லைனில் பெரியம்மா போகும், காலேஜ் பிள்ளைங்க போகும், ஷிப்ட் முடிச்ச பசங்க வருவாங்க. முதலில் தண்டவாளத்தை ஒட்டி ரயில்வேக்குச் சொந்தமாக இருக்கும் இடத்தை அளக்கட்டும். அதுக்கும் மேலே என் வரப்போரம் ரெண்டு சென்ட் தேவைப்பட்டால், விலையைச் சரியாகப் பேசி, பணத்தைக் கையில் கொடுத்துட்டு எடுத்துக்கட்டும்.

வீட்டில் இதைச் சொன்னதற்கு இன்னும் திட்டு ஓயலை.